மாப்பிள்ளைக்கும் நாம்பனுக்கும் தனித்தனிப் பந்தி

சண்டிலிப்பாய்,
05.03.1993

அன்புள்ள மச்சான் தம்பிராசாவுக்கு,

நானும் உம்முடைய அக்காவும் மகள் பத்மாவதியும் பிள்ளையார் காவலில் சுகம். கொழும்பில் நீரும் வீட்டாரும் சுகமாயிருக்க அவரையே கேட்டுக்கொள்கிறோம்.

உமது கடிதம் கிடைத்தது. அதை வாசித்த நாளிலிருந்து உம்முடைய அக்கா என்னோடு கதைப்பதில்லை. "ஒரு விசயத்துக்கு ஒரு பந்தி வையுங்கோ அத்தான். ஆரைப் பற்றிக் கதைக்கிறியள் எண்டதை முதல் வரியிலை சொல்லுங்கோ" என்று எழுதியிருந்தீர். கந்தோரில் இருக்கிற உமக்குத் தாளுக்கு என்ன பஞ்சம்? இங்கே கிளாலிக் கடலால் கடிதம் கொண்டுபோகிற சந்தியோகு, ஒரு வீட்டிலிருந்து ஒரு தாள்தான் வாங்குவார். பந்தி பிரித்துப் புது வரியில் தொடங்கினால் பாதி வரி சும்மா போகுமே என்று போனமுறை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். அந்த வினையைத் தீர்க்கத்தான் இம்முறை பந்தி வைக்கிறேன்.

இந்தப் பந்தி மாப்பிள்ளை பற்றியது. லீவில் கொக்குவிலுக்கு வந்தவர் எங்கள் வீட்டுக்கும் வந்து பத்மாவதியைப் பார்த்துப் போனார். அமைதியான ஆள், கொழும்பில் வங்கி வேலை, சாதகமும் பொருத்தம். எங்களுக்கு முழுச் சம்மதம். மாப்பிள்ளை பற்றி இவ்வளவுதான்.

இது நாம்பன் மாடு பற்றியது. மண்ணெண்ணெய் இல்லாத காலத்தில் மரக்கறியை மருதனார்மடம் சந்தைக்கு ஏற்ற வண்டிலுக்கு ஒன்று வாங்கினேன். பின்னங்கால் நொண்டி, பல்லைப் பார்த்தால் சொன்ன வயதைவிடக் கூட, ஏற்கெனவே இரண்டு வீட்டில் வேண்டாமென்று திருப்பிவிட்டார்கள், சாப்பாட்டில் மட்டும் குறைவில்லை என்று எழுதியதெல்லாம் இதைப் பற்றித்தான். அப்படியானால் ஏன் வாங்கினீர்கள் என்று கேட்பீர். அதற்குத் தனிப் பந்தி வேண்டும், தாள் போதாது.

இனி நீர் செய்த காரியம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வரி இடம் விடாதது என் பிழைதான். அதற்காக ஒரு வங்கி உத்தியோகத்தரை வெள்ளவத்தையில் நடுரோட்டில் மறித்து, "ஒருக்கால் நடந்து காட்டும் தம்பி, பல்லையும் காட்டும்" என்று கேட்கலாமா? அந்த மனுசனும் மரியாதையாக வாயைத் திறந்தாராமே! பிறகு "எங்கடை பிள்ளையைத் தரமாட்டம்" என்று முகத்துக்கு நேரே சொன்னீராம். அவருடைய தகப்பன் கொக்குவிலிலிருந்து சைக்கிளில் வந்து, "உது உங்கடை முடிவோ, மச்சானின்ரை முடிவோ?" என்று கேட்டபோது நான் தேத்தண்ணியை நீட்டினேன். அதைக் குடிக்காமலே போய்விட்டார். நல்ல மனுசர், பங்குனி முடியும்வரை பொறுப்பாராம். இரண்டு வருசமாகத் தேடி அமைந்த சம்பந்தம் மச்சான், இது கைநழுவினால் உம்முடைய அக்கா என்னை உயிரோடு விடமாட்டா. இந்தத் தாளைக் கண்டவுடன் போய் மன்னிப்புக் கேட்டு, எங்களுக்கு ஓம் என்று சொல்லிவிடும்.

உமக்கும் வீட்டாருக்கும் எல்லா நலமும் சேர வாழ்த்தும்,
பந்தி பழகும் அத்தான்,
செல்வரட்ணம்

பி.கு.: பந்தியெல்லாம் ஒழுங்கோ என்று பார்க்கப் பத்மாவதியிடம் கொடுத்தேன். நாம்பனில் சிரித்தாள், வெள்ளவத்தையில் இன்னும் சிரித்தாள். தாளைத் திருப்பித் தரும்போது சிரிக்கவில்லை. "வடிவாய்ப் பிரிச்சிருக்கிறியள் அப்பா. மாப்பிள்ளைக்கு ஒரு பந்தி, மாட்டுக்கு ஒரு பந்தி, மாமாவுக்கு ஒரு பந்தி. எனக்கு எங்கை?" என்றாள். அப்போதுதான் மச்சான், அவளிடம் நாங்கள் ஒருவரும் ஒரு சொல் கேட்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. வெட்கமாய்ப் போய்விட்டது. உடனே கேட்டேன். "அவர் வந்த அண்டைக்கே எனக்கு மனமில்லை. ஆரும் கேக்கேல்லை" என்றாள். உள்ளேயிருந்த உம்முடைய அக்காவும் வந்து மகளின் பக்கத்தில் நின்றுகொண்டா. ஆகையால் பல்லுக்கு மட்டும் மன்னிப்புக் கேளும். எங்கள் மறுமொழி, நீர் பிழையாய் வாசித்துச் சொன்ன அந்தத் "தரமாட்டம்"தான்.