சுப்பராமனார் ஹப் மோட்டாரை எழுப்பிய படலம்

வாழிய சுப்பராமனார்! மயிலை மாடவீதியின் மாண்புறு மதயானை. மூன்று மாடி ஏறியிறங்கி மூட்டுத் தேய்ந்த முழுவலி மறவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றும் பிறர் குற்றம் காண்பதிலிருந்து ஓய்வு பெறாத பெருந்தகை. வாழ்நாளில் ஒருமுறையேனும் தவறு செய்தறியாதவர் என்று தம் திருவாயாலேயே பன்முறை சான்று பெற்றவர். அன்னாரின் நாமத்தை உரக்கச் சொல்லிவிட்டே இக்கதைக்குள் காலெடுத்து வைக்கவேண்டும். மெல்லச் சொன்னால் அவருக்குக் காது கேட்காது.

பண்டைப் போர்களில் பகைவன் எதிரே நிற்பான். இப்போரிலோ அவன் மின்சைக்கிளின் பின்சக்கர நடுவிலே, வட்டமான அலுமினியச் சிமிழுக்குள், செப்புக் கம்பிச் சுருள் போர்த்துக் காந்தப் படுக்கையில் பள்ளிகொண்டிருந்தான். ஹப் மோட்டார் என்பது அவன் பெயர். வலக் கைப்பிடியைச் சற்றே முறுக்கினால் உறுமி எழுந்து, மிதியாமலே வண்டியை உந்திச் செல்வது அவன் கடமை. எழவேண்டிய நேரத்தில் எழாதிருப்பது அவன் குணம். இந்த ஒரு குணத்தால் அவனும் அந்தக் குடும்பத்து ஆண்மகனே என்று அக்கம்பக்கத்தார் முடிவு கட்டியிருந்தனர்.

மூட்டைப் பரிசோதித்த டாக்டர் இனி மிதிக்கக்கூடாது என்று விதித்த அன்றே 'வாயுவேகம்' என்னும் அம்மின்சைக்கிள் வீடு வந்து சேர்ந்தது. ஏனெனில் அடையாற்றில் வாரந்தோறும் கூடும் சீட்டுக்கச்சேரிக்குச் சுப்பராமனார் போயே ஆகவேண்டும். போவதற்கு மற்றொரு மார்க்கமும் உண்டு. அந்த மார்க்கத்தின் பெயர் பட்டாபி. பட்டாபி, சுப்பராமனாரின் தர்மபத்தினி ஜானுவுடன் பிறந்த தம்பி. வேகத்தடைதோறும் பின்னிருப்பவர் முதுகெலும்பைக் கணு கணுவாகத் தட்டிப் பார்க்கும் ஸ்கூட்டரும், ஓட்டியவாறே கழுத்தை முழுவதும் பின்னே திருப்பிக் கதை பேசும் கலையும், "எங்க அத்திம்பேர், நாப்பது வருஷமா சீட்டுல தோக்கறார்!" என்று சிக்னலில் நிற்கும் அந்நியருக்கெல்லாம் அறிமுகம் செய்துவைக்கும் அன்பும் வாய்க்கப்பெற்றவன். அந்தப் பின்சீட்டில் அமர்வதினும் வங்கக் கடலில் அமர்வது மேல் என்பது சுப்பராமனாரின் கொள்கை.

வண்டி வந்த நாளில் முறைகள் யாவும் வழுவாது நடந்தன. சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழங்கள் நசுங்கி வீரசுவர்க்கம் எய்தின. சந்தனமும் குங்குமமும் துலங்கின. பின்னர் ஜானு, கறுப்புக் கயிற்றில் ஓர் எலுமிச்சையும் பச்சை மிளகாய்களும் கோத்த திருஷ்டிச் சரத்தை ஏந்தி வந்து, வண்டியின் நெற்றியில், வேகம் காட்டும் சிறு திரையருகே கட்ட முனைந்தாள். அப்போது பிறந்தது முதல் பேராணை.

"என் திரையை மறைக்கும் துணிவு எவர்க்கும் வேண்டாம்! பெயிண்ட் மீதும் கயிறு படலாகாது! கட்டுவதானால் ஓரத்தில், கைப்பிடியோடு கட்டுக!"

ஜானு உத்தமி. இடப்புறத்துக் கைப்பிடியையும் அதன் முன்னே நீளும் பிரேக்கின் கரத்தையும் சேர்த்து வளைத்து, சரம் களவு போகாதிருக்க மூன்று முடிச்சு இட்டாள். தாலிக்கும் மூன்றுதான், இதற்கும் மூன்றுதான். இரண்டும் அவிழவில்லை, இரண்டிலும் சுப்பராமனாருக்கே சிரமம்.

வண்டி சில காலம் பறந்தது. பிறகு ஒருநாள், அடையாற்றுப் பாலத்தின் ஏற்றத்தில், வானளாவிய பெருமிதத்தோடு ஊர்ந்துகொண்டிருந்த வீரரின் கீழே மோட்டார் திடுமெனக் கண்மூடியது. பாலத்தின் இணைப்பில் வண்டி குலுங்கிய அக்கணத்தில் எலுமிச்சை ஊஞ்சலாடியதையும், கயிறு சற்றே இறுகியதையும், கீழே பாய்ந்த அடையாறு ஒருவேளை கண்டிருக்கலாம். சுப்பராமனார் காணவில்லை. பேருந்துகளும் வசைகளும் இருபுறமும் அம்புமாரி பொழிய, தேய்ந்த மூட்டு கொண்டு மிதித்து, சீட்டு மன்றத்துள் நுழைகையில் அவர் நாக்கு மார்பு வரை தொங்கியது.

வீடு திரும்பியதும் ஜானு ஆராய்ந்து நோயைக் கண்டுபிடித்தாள். "கண்ணு பட்டிருக்கு. எதிராத்து மாமி நேத்திக்கு வண்டியை ஒரு மாதிரி பாத்தா." உடனே எலுமிச்சை இரண்டாயிற்று, கயிறும் இன்னொரு சுற்றுப் பெற்றது. மோட்டாரோ முன்பு பாலத்தில் மட்டும் படுத்தது. இப்போது லஸ் முனையிலும் படுத்தது. திருஷ்டி வலிது என்று எலுமிச்சை போய் நார்த்தங்காய் வந்தது. மோட்டார் வீட்டு வாசலிலேயே படுத்தது. நோய்க்கு மருந்தாய் வந்ததே நோயை ஊட்டி வளர்த்த அந்தக் குடும்பத்தில், கூட்டிக் கழித்துப் பார்க்கத் தெரிந்தவர் மூவர் இருந்தனர் என்பதையும், மூவருமே பட்டதாரிகள் என்பதையும் இவ்விடத்தில் பணிவுடன் சொல்லி வைக்கிறோம்.

இதற்கிடையே உத்தரவாதக் கெடு நெருங்கியது. "உத்தரவாதம் முடியறதுக்குள்ள சரியாகலேன்னா வண்டியை வித்துடலாம். பேசாம பட்டாபி பின்னால உக்காந்துண்டு போங்கோ" என்றாள் ஜானு. பட்டாபி அக்கணமே ஸ்கூட்டரின் பின்சீட்டைத் துண்டால் துடைத்து வைத்தான். அதைக் கண்ட வீரரின் குருதி கொதித்தது. படையெடுப்பு முடிவாயிற்று.

செத்த சைக்கிளைக் குட்டியானை என்னும் சிறு லாரியில் ஏற்றிப் படுக்கவைத்து, தாம் டிரைவரருகே வீற்றிருந்து, பட்டாபியின் ஸ்கூட்டர் பின்காவலாக வர, தியாகராய நகரின் துணிக்கடைச் சமுத்திரத்தைப் பிளந்து, மேற்கு மாம்பலத்துச் சந்துகளுள் புகுந்தார் சுப்பராமனார். அங்குதான் வாயுவேகத்தின் சர்வீஸ் சென்டர் என்னும் கோட்டை இருந்தது. கோட்டைக்கு ஒரு சந்து இருக்கையில் லாரியை நிறுத்தச் சொன்னார். அவருடைய ராஜதந்திரத்தின் சிகரம் இங்கே துலங்குவதால் சற்று நின்று தரிசிப்போம்.

உத்தரவாதப் புத்தகத்தை அவர் வரி விடாமல் படித்திருந்தார். 'வெளிப்பொருள் எதையேனும் வண்டியில் பொருத்தினால் உத்தரவாதம் செல்லாது' என்று அதில் இருந்தது. எலுமிச்சை வாயுவேகக் கம்பெனியில் விளைந்ததன்று. ஆகவே அது வெளிப்பொருள். இளநீர் வண்டி மறைவில் முடிச்சுகளை அவிழ்த்து, நார்த்தங்காயும் மிளகாயுமாகச் சரத்தைச் சட்டைப்பைக்குள் ஒளித்து, குற்றமற்ற குழந்தையின் முகத்தை அணிந்துகொண்டு உள்ளே நுழைந்தார். மிளகாய் பட்ட விரலால் கண்ணைத் துடைத்ததில் மட்டும் தாரை தாரையாக நீர் வழிந்தது. கவுண்டரில் இருந்த ரூபீனா, "அழாதீங்க சார், வண்டிதானே" என்று ஆறுதல் சொன்னாள்.

மெக்கானிக் ஆசிஃப் பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக் கைப்பிடியை முறுக்கினான். துரோகி மோட்டார், தேர்க்கால் போல், திருவிழா ராட்டினம் போல், தன் பிறவிப் பயனையெல்லாம் அந்நியர் கையிலேயே எய்துவதுபோல் சுழன்றது.

"இன்னா சார், ஜம்முனு ஓடிக்கினு கீது!"

"ஆத்து வாசல்ல ஓடறதில்லையே!"

"அப்ப உங்க வாசலத்தான் சார் மாத்தணும்" என்று சொல்லிவிட்டு ஆசிஃப் டீ குடிக்கப் போனான். ரூபீனா கம்ப்யூட்டரில் 'பிழை ஏதுமில்லை' என்று தட்டினாள். வீரர் தோற்று மீண்டார். ஜானு நார்த்தங்காயை எறிந்துவிட்டு அதனினும் பருத்த கடாரங்காய் கட்டினாள். மோட்டார் மூச்சே விடவில்லை.

மீண்டும் குட்டியானை, மீண்டும் இளநீர் மறைவு, மீண்டும் கண்ணீர், மீண்டும் ராட்டினம். இம்முறை ஆசிஃப் ஒயர்களை எல்லாம் இழுத்துப் பார்த்தான். கன்ட்ரோலரைக் கழற்றி மாட்டினான். மயிலாப்பூர் ரோடு சரியில்லை என்று ஒரு சித்தாந்தத்தையும், பேட்டரிக்கு ராகுகாலம் ஆகாது என்று இன்னொன்றையும் முன்வைத்தான். இரண்டும் எடுபடாமல் போகவே, கொட்டாவி விட்டபடி கேட்டான்:

"ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத சார். பிரேக்கப் புட்ச்சிக்கினே ஓட்றியா? அத்த லேசா இய்த்தாக்கூட மோட்டார் கட்டாயி நின்னுடும். சேஃப்டி."

கடலை கொறித்துக்கொண்டிருந்த பட்டாபியின் வாய் நின்றது. ரூபீனாவின் விரல்கள் நின்றன. மின்விசிறிகூட நின்றது; அது மின்வெட்டு. மலை அதிர எழுந்தார் சுப்பராமனார்.

"என்னைப் பார்த்தா? பிரேக்கிற்கும் பெல்லிற்கும் வேற்றுமை அறியா மூடனென்றா? கேளுங்கள், மாம்பலத்து மாந்தரே! ஐம்பதாண்டு சைக்கிள் ஓட்டிய கரம் இது! நான் ஓட்டுகையில் பிரேக் பிடித்திருந்தது என்று எவனாவது மெய்ப்பிப்பானாயின், அன்றே கைப்பிடியைத் துறப்பேன்! ஆயுள் முழுதும் பட்டாபியின் பின்சீட்டில் அமர்வேன்! இது சத்தியம்! சத்தியம்! சத்தியம்!"

"நான் சாட்சி, அத்திம்பேர்" என்றான் பட்டாபி, கடலையை விழுங்கி.

அத்தோடு நிற்கவில்லை. நாற்காலியொன்றை வாசலின் நடுவே இழுத்துப் போட்டு அமர்ந்து, வருவோர் போவோர்க்கெல்லாம் வாயுவேகத்தின் வஞ்சகத்தை விரித்துரைக்கலானார். புது வண்டி வாங்க வந்த தம்பதியர் பழைய வண்டியே போதுமென்று திரும்பினர். பஞ்சருக்கு வந்தவன் பஞ்சரோடே போனான். மாடியறையிலிருந்த மேனேஜர் நண்பகல் வரை பொறுத்தார். அதற்குமேல் காது பொறுக்கவில்லை. "அந்த ஆளுக்குப் புது மோட்டாரே போட்டு அனுப்பிடுங்கம்மா" என்று மேலிருந்தே அசரீரி எழுந்தது. நீதி வென்றது என்று சுப்பராமனார் கருதினார். கம்பெனியோ அமைதியை விலைக்கு வாங்கியது.

உத்தரவாதம் முடியும் நாளும் வந்தது; அதுவே சீட்டுக்கச்சேரி நாளும் ஆயிற்று. புத்தம் புது மோட்டார் பின்சக்கரத்தில் பளபளக்க, வென்ற வேந்தரென வண்டியருகே நின்றார் சுப்பராமனார். ஜானு இம்முறை எவர் கண்ணையும் நம்புவதாயில்லை. சந்தை தேடிக் கொணர்ந்த, குழந்தையின் தலை போன்றதொரு கடாரங்காயைக் கோத்து, கைப்பிடியையும் பிரேக்கையும் இறுக இறுகச் சுற்றிக் கட்டி, கற்பூரம் காட்டினாள். வீரர் ஏறினார். முறுக்கினார்.

இலை அசைந்தது. காக்கை கரைந்தது. புது மோட்டார் அசையவில்லை.

ரூபீனாவுக்குப் போன் பறந்தது. "இன்னிக்கு ஆறு மணிக்குள்ள ஒரு வீடியோ அனுப்புங்க சார். வண்டில வேற எதுவும் மாட்டியிருக்கக் கூடாது. ஓடலைங்கறது தெரியணும்" என்றாள் அவள்.

வீடியோ எடுக்கும் பொறுப்பைப் பட்டாபி ஏற்றான். சுப்பராமனார் தம் ராஜதந்திரத்தை மறவாது, முதற்காரியமாகச் சரத்தை அவிழ்த்து ஜானுவிடம் நீட்டினார். பின்னர் கேமராவை நோக்கி, "உலகோரே, இவ்வநீதியைக் காண்மின்!" என்று முழங்கிக் கைப்பிடியை முறுக்கினார்.

வாயுவேகம், வில்லினின்று விடுபட்ட கணைபோல், அவரையும் சுமந்துகொண்டு எதிராத்து மாமியின் கோலத்தைக் கடந்து, காய்கறிக் கூடையொன்றைத் தழுவி நின்றது.

சுப்பராமனார் வண்டியைத் திருப்பிக் கொணர்ந்தார். சரத்தை வாங்கிப் பழைய இடத்தில் தம் கையாலேயே கட்டினார். முறுக்கினார், பிணம். அவிழ்த்தார், முறுக்கினார், உறுமல். கட்டினார், பிணம். சற்றே உள்வாங்கியிருந்த பிரேக்கின் கரத்தை வெகுநேரம் பார்த்தார். மாம்பலத்துக் கொட்டாவியொன்று அவர் செவியில் மெல்ல ஒலித்திருக்க வேண்டும். அம்முகத்தில் கடாரங்காயின் நிறம் படர்ந்தது. திருஷ்டிக் கயிறுதான் பிரேக்கைப் பிடித்திருந்தது என்றால் சத்தியம் பலிக்கும். கயிறு குற்றமற்றது என்றால் வண்டி ஓடாது. எப்பக்கம் ஓடினும் வழியின் முடிவில், துண்டால் துடைத்த பின்சீட்டு ஒன்று வெயிலில் மினுமினுத்தது.

"என்னன்னா, ஓடறதா ஓடலையா? அதை இறுக்கிக் கட்டுங்கோ, கடாரங்காய் தொங்கறது பாருங்கோ" என்றாள் ஜானு.

பட்டாபி போனைத் தாழ்த்தி, அன்பொழுகக் கேட்டான்: "எல்லாம் நன்னா விழுந்திருக்கு, அத்திம்பேர். மாம்பலத்துக்கு அனுப்பட்டுமா?"

மூவேந்தர் முடி தாழ்ந்த மண்ணில், மும்முறை சத்தியம் முழங்கிய வீரர் அந்தப் பின்சீட்டை நோக்கினார். ஐம்பதாண்டு சைக்கிள் ஓட்டிய கரம் கைப்பிடியை விட்டது. மீசை துடிக்கவேண்டிய இடத்தில் வியர்வை துளிர்த்தது. அண்டசராசரமும் மூச்சடக்கி அவர் மறுமொழிக்காகக் காத்து நிற்க,

சுப்பராமன் ஒன்றும் சொல்லாமல் பட்டாபியின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.