மைக் டெஸ்டிங் கேட்ட சாக்கு

இந்தியாவில் எல்லாக் கட்சி மேடையிலும் பேசிய ஒரே மனிதர் எங்கள் ஜோகுபாளையத்து மைக் டெஸ்டிங்தான். அவர் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை. யாரும் அவரைப் பேச அழைத்ததும் இல்லை. தலைவர் வருவதற்கு முன்பே மேடையேறி, அவரைத் திட்டி முடித்துவிட்டு, பிறகு அவர் வாய்க்கு நேராக மைக்கைச் சரிசெய்தும் கொடுப்பார்.

தொழில், மைக்செட் வாடகை. வாக்காளர் அட்டையில் ஏதோ ஒரு பெயர் இருந்தது. தெருவில் ஒருவருக்கும் அது தெரியாது. வாசலில் யாராவது வந்து கேட்டால் அவர் மனைவி செல்வியக்காவே, "மைக் டெஸ்டிங் இல்லப்பா, கல்யாணத்துக்குப் போயிருக்குது" என்பார்.

மற்ற மைக்காரர்கள் "ஹலோ, ஒன் டூ த்ரீ" என்பார்கள். இவருக்கு அது ஆகாது.

"ஒன் டூ த்ரீல இன்னா தெரியும்? தடிச்ச சத்தம், அதான் பேஸ், அதப் பாக்க 'பெ' வேணும். சன்ன சத்தம், ட்ரெபிள், அதப் பாக்க 'ஸ்' வேணும். பேஸுக்கு பெட்ரோல், ட்ரெபிளுக்கு ஜிஎஸ்டி. ரெண்டும் கிழியாம வந்தா செட்டு ஓகே."

நான் கேட்டவரை இரண்டும் நம்மைக் கிழிக்காமல் வந்ததே இல்லை.

திடீரென்று ஒருநாள் நோட்டு செல்லாது என்று சொன்னார்களே, அதைப் பாராட்டி ஆளுங்கட்சி எங்கள் தெருமுனையில் கூட்டம் போட்டது. நாங்கள் பேங்க் வரிசையில் நின்று கால் வீங்கி வந்திருந்தோம். என்னைக் கேட்டால் அது திட்டமே இல்லை, திமிர். அந்தக் கோபத்தை நான் வீட்டில் பாத்திரத்தின் மேல் காட்டிக்கொண்டிருந்தேன். மைக் டெஸ்டிங் மேடையேறினார்.

"ஹலோ, ஹலோ. கருப்புப் பணம். ஹலோ, கருப்புப் பணம். பின்னாடி வருதா?"

பின்வரிசை ஒரே குரலில், "வரல!"

"முன்னாடி?"

"வரல!"

ஆம்ப்ளிஃபயரில் எதையோ நிதானமாகத் திருகிவிட்டு, கட்சியின் வார்டு தலைவரிடம் போய், "எங்கயும் வரலயாம் சார்" என்றார். சொன்னது ஹார்ன் ஸ்பீக்கரையா, அரசாங்கத்தையா என்று அந்த மனிதருக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

எதிர்க்கட்சிக்காரர்கள் இதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். தங்கள் கூட்டத்துக்கு அவரையே பிடித்தார்கள். அங்கே போய், "ஹலோ, தாத்தா, அப்பா, மகன். ஹலோ, தாத்தா, அப்பா, மகன்" என்றார். தடுக்க ஓடி வந்த கட்சிக்காரர்களிடம், "உங்க கட்சில ஒன் டூ த்ரீ இப்பிடித்தானே எண்ணுவீங்கோ?" என்று கேட்டார். அதோடு சிரிப்பு நின்றது.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் கூப்பிட்டார்கள் என்றால், எங்கள் அல்சூர் வட்டாரம் முழுக்கத் தேடினாலும் கீச்சிடாத செட்டு அவரிடம்தான் இருந்தது. கோயில், சர்ச், மசூதி எல்லாவற்றுக்கும் அதே ஹார்ன். மசூதிக்குக் கொடுத்த ஹார்னை இங்கே கட்டாதே என்று கோயிலில் சிலர் ஒருமுறை சண்டைக்கு வந்தார்கள். "ஹார்னுக்கு சுன்னத்தும் கிடையாது, ஞானஸ்நானமும் கிடையாது, பூணூலும் கிடையாது. வேணும்னா கட்டு, இல்லேன்னா கையத் தட்டிப் பாடு" என்று சொல்லிவிட்டு, கட்டிய ஹார்னை அவரே அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனார். மனிதரை மனிதராகப் பார் என்று அரசியல் சட்டம் பக்கம் பக்கமாகச் சொல்வது இதைத்தான். ஆட்சியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது ஏறவில்லை.

பிறகு வந்தது அந்த ஆடி மாதம். தில்லியிலிருந்து ஆளுங்கட்சிப் பேச்சாளர் ஒருவர் வந்தார். இந்தியில் பேசினார். ஒரே நாடு, ஒரே தேர்தல், ஒரே அது, ஒரே இது. எங்கள் ஒரே தெருவில் தமிழ், கன்னடம் என்று நான்கு மொழி பேசுகிறோம், ஒரு குழாயடிச் சண்டையைக்கூட ஒரே மொழியில் போட முடியாது. அவர் விடவில்லை. எட்டாவது 'ஒரே'வில் வானம் இருட்டியது. மேடைக்குக் கீழே ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் மைக் டெஸ்டிங் உட்கார்ந்திருந்தார். முதல் சொட்டு விழுந்ததும், நனையாமல் மூடக் கோணிப்பை கேட்டு மனைவியைப் பார்த்துக் கத்தினார்.

"செல்வி! சாக்கு! சாக்கு!"

கையருகே இருந்த டெஸ்டிங் மைக்கை அவர் அணைக்கவில்லை. எல்லா ஹார்னும் அலறின.

கன்னடத்தில் 'சாக்கு' என்றால் 'போதும்' என்று அர்த்தம். உச்சரிப்பில் மயிரிழை வித்தியாசம் உண்டு. ஹார்னில் அது தெரியாது. முதலில் கன்னடக்காரர்கள் ஆரம்பித்தார்கள். "சாக்கு! சாக்கு!" தமிழர்களும் சேர்ந்துகொண்டார்கள். பேச்சாளருக்கு இரண்டு மொழியும் தெரியாது. வாழ்த்துகிறார்கள் என்று நினைத்துக் கும்பிட்டார். பிறகு முஷ்டியை உயர்த்தி அவரும் "சாக்கு! சாக்கு!" என்றார்.

மறுநாள் காலைக்குள் அது ஊரிலுள்ள எல்லா போனிலும் ஓடியது. வார்டு தலைவர் புகார் கொடுத்தார். செட்டு முழுவதும் ஸ்டேஷனுக்குப் போனது. அந்த வாரக் கடைசியில் எங்கள் அம்மன் கோயில் திருவிழா. வருஷத்தில் அவருக்குப் பெரிய வேலை அதுதான். செட்டு வராவிட்டால் வேறு ஆளை வைப்பதாகக் கோயிலில் சொல்லிவிட்டார்கள்.

அவரோடும் செல்வியக்காவோடும் நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். இன்ஸ்பெக்டர் கன்னடக்காரர், நன்றாகத் தமிழ் பேசுவார், கெட்டவரும் இல்லை.

"ஏன்ரீ மைக், மழைக்கு சாக்கு கேட்டேன்னு எழுதிக் குடு. சாமான எடுத்துக்கினு போ."

"சாக்குதான் கேட்டேன் சார். எழுதித் தர மாட்டேன்."

"யாக்கே? ஏன்?"

"எழுதிக் குடுத்தா, 'போதும்'னு சொல்றது குத்தம்னு நானே ஒத்துக்கின மாதிரி ஆயிடும். நாளைக்கு ஒருத்தன் நெஜமாவே போதும்னு சொல்வான். அவன்கிட்ட 'எங்கடா உன் சாக்கு'ன்னு கேப்பீங்கோ."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். எனக்கு ஒரு பக்கம் கை தட்டத் தோன்றியது, மறுபக்கம் அவரை அறையத் தோன்றியது. கொள்கையை அவர் சாப்பிடுவார், செல்வியக்கா எதைச் சாப்பிடுவார்?

செல்வியக்கா பையிலிருந்து ஈரக் கோணி ஒன்றை உருவி மேசைமேல் போட்டார். நாற்றம் ஸ்டேஷன் முழுக்கப் பரவியது.

"இதான் சார் அந்த சாக்கு. கேட்டது இது, எடுத்தாந்து குடுத்தது நானு. பேப்பர் குடுங்க, நான் எழுதறேன்."

"செல்வி, நீ எழுதக் கூடாது" என்று கத்தினார் மைக் டெஸ்டிங்.

"ஏன்? உனக்கு மட்டும்தான் பேச்சுரிமையா? நான் குடுத்த சாக்க நான் சொல்லுவேன். வாய மூடு."

எல்லாக் கட்சியையும் மடக்கியவர் அன்று மடங்கினார். அவருடைய சட்டத்தை வைத்தே செல்வியக்கா அவரை அடித்துவிட்டார்.

செட்டு திரும்பி வந்தது. இன்ஸ்பெக்டர் ஒரு நிபந்தனை போட்டார்: இனி டெஸ்டிங் என்றால் ஒன் டூ த்ரீ மட்டும். "சரி சார், அதுக்கு நான் பொறுப்பு" என்று சொன்னதும் செல்வியக்காதான்.

திருவிழா அன்று தெருவே பந்தலில் கூடிவிட்டது. அம்மனைப் பார்க்க இல்லை. ஓரமாக ஒரு கான்ஸ்டபிள் நின்றார். மைக் டெஸ்டிங் மைக்கை எடுத்தார். மனைவியை ஒரு பார்வை பார்த்தார்.

"ஹலோ. ஒன். டூ. த்ரீ. கேக்குதா?"

தெளிவாகக் கேட்டது. ஆனால் பின்னாலிருந்து ஒருவர், "கேக்கல!"

சத்தத்தைக் கூட்டினார். "ஒன் டூ த்ரீ. கேக்குதா?"

"கேக்கல!" இந்தமுறை பந்தல் முழுக்க. நானும்தான்.

இன்னும் கூட்டினார். புறாக்கள் கோபுரத்தை விட்டுப் பறந்தன. "இப்ப?"

"கேக்கவேயில்ல!"

செல்வியக்கா தலையில் அடித்துக்கொண்டார். "சொல்லித் தொலை. ஜனங்களுக்குக் காதே அடைச்சுப் போச்சாம்."

"ஹலோ... பெட்ரோல்" என்றார்.

"கேக்குது!" கான்ஸ்டபிள் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

நான் இப்போது ஊருக்கு வெளியே ஓர் அபார்ட்மெண்ட்டில் இருக்கிறேன். இங்கே விழாக்களில் கறுப்புச் சட்டை போட்ட பையன்கள் பளபளக்கும் ஸ்பீக்கர் வைத்து, ஒன் டூ த்ரீ என்று அடக்கமாகச் சொல்கிறார்கள். ஓர் எழுத்துகூடக் கிழிவதில்லை. எல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் பின்வரிசையில் நின்று, "கேக்கல!" என்று கத்திவிட்டுத்தான் உட்காருகிறேன்.