பதினோரு அங்குலப் பேரம்

நீ யாரென்று எனக்குத் தெரியாது. பேர் தெரியாது, முகம் தெரியாது. ஆனால் இந்தி சினிமாக் கதாநாயகிகளின் தலைமுடி இந்த வருஷம் எப்படி இருக்க வேண்டும் என்று எவனோ ஒருவன் எங்கேயோ உட்கார்ந்து முடிவு பண்ணுகிறான். அவன் நீதான். என் குடும்பத்தைக் கெடுத்தவனும் நீதான். ஒரு படத்தில் கூந்தலைக் கூடை மாதிரி தூக்கிக் கட்டுவாய். அடுத்த படத்தில் அவிழ்த்து விடுவாய். பிறகு சுருட்டுவாய், நீட்டுவாய், துருப்பிடித்த கம்பி நிறத்தில் சாயம் அடிப்பாய். உனக்கு அது சம்பளம். எனக்கு அது சம்சாரம்.

என் மாமியார் காலத்திலேயே நீ ஆரம்பித்துவிட்டாய். அவர் இளவயதுப் படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. தலைக்கு மேலே இன்னொரு தலை! உள்ளே நைலான் பந்து வைத்து உப்ப வைத்ததாம். ஆறடி மாமனார் அந்தப் படத்தில் அவருக்குத் தம்பி மாதிரி நிற்கிறார்.

என் கல்யாண வருஷம் பார்த்து நீ சுருட்டைக்கு மாறினாய். கதாநாயகி சுருட்டினால் என் மனைவி சும்மா இருப்பாளா? கல்யாண ஆல்பத்தில் ஒரு பெரிய கறுப்பு மேகம் தெரியும். அதற்கு இடது ஓரத்தில் ஒரு காது தெரியும். அது நான்.

அப்புறம் முடியைப் படிப்படியாக வெட்டச் சொன்னாய். நான் மரப்படிக்கட்டு விற்கிறவன். படி என்றால் ஒரே உயரம் இருக்க வேண்டும். அவள் தலையில் ஒரு படிகூட இன்னொன்றோடு ஒத்துப்போகவில்லை. அதற்கப்புறம் குச்சி மாதிரி நேராக்கும் காலம். அவள் மேஜையில் தலை சாய்த்துக்கொள்வாள். துணி தேய்க்கும் இஸ்திரிப் பெட்டியால் நான் தேய்க்க வேண்டும். என் சட்டையை யாரும் அவ்வளவு பயபக்தியோடு தேய்த்ததில்லை. அதையும் தாண்டினால் கலைந்த கொண்டை. ஒன்றரை மணி நேரம் கண்ணாடி முன்னால் நின்று, இப்போதுதான் தூங்கி எழுந்த மாதிரி ஆக்கிக்கொண்டு வருவாள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். போன மாதம்தான் விஷயம் என் தலைக்கே வந்தது.

என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி. மிச்சப் படிப்பெல்லாம் இடிக்கிற வீடுகளில். பழைய கதவு, ஜன்னல், படிக்கட்டு, உத்தரம் வாங்கி விற்கிறேன். கடைத்தெருவில் எனக்குக் 'கறார்' என்று பேர். தேக்குக் கதவு வேண்டுமென்றால் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அரை நாள் சண்டை போடுவேன். வீட்டுக்காரன் களைத்துப்போய், "ஜன்னலை விடுய்யா, வேணும்னா இந்தக் கதவை எடுத்துட்டுப் போ" என்பான். கை கொடுத்துவிட்டால் பேச்சு மாறக் கூடாது. நானும் மாற மாட்டேன், மாற விடவும் மாட்டேன். முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு பேரத்தில்கூட நான் தோற்றதில்லை.

அந்தக் கௌரவத்துக்கு என் தலைமுடியும் ஒரு காரணம். இடது காதுக்கு மேலே நீளமாக வளர்த்து, உச்சியைத் தாண்டி வலது காது வரை கொண்டுபோய்ப் படிய வைத்திருந்தேன். நடுவில் வழுக்கை என்று ஒருவருக்கும் தெரியாது. காற்றடித்தால் மட்டும் கொஞ்சம் சிரமம். அதனால் ஃபோட்டோ எடுக்கும்போது ஒரு கையால் தலையை அழுத்திக்கொள்வேன்.

கல்யாணமாகி முப்பத்தைந்து வருஷம் ஆனதற்கு மொட்டை மாடியில் நின்று ஒரு படம் எடுத்துக் கூடத்தில் மாட்டுவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை ஃபோட்டோக்காரர் வருகிறார். புதன்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மனைவி கைபேசியை நீட்டினாள்.

"ஏங்க, இதைப் பாருங்களேன்."

"யாரு இந்தப் பையன்?"

"பையனா? புது இந்திப் படத்து ஹீரோயினுங்க!"

"அடப்பாவமே. என்ன காய்ச்சல்?"

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதான் இப்ப ஸ்டைல். ஒரு பக்கம் காது வரைக்கும், இன்னொரு பக்கம் மெஷின். சனிக்கிழமை பத்து மணிக்கு பார்லர்ல சொல்லி வச்சாச்சு."

"யாருக்கு?"

"ஃபோட்டோவுல நல்லா இருக்க வேண்டாமா?"

தட்டைத் தள்ளி வைத்தேன். கலைந்த கொண்டைக்கப்புறம் மூன்று வருஷமாக அவள் முடியை வளரவிட்டிருந்தாள். குளித்துவிட்டு வந்து முதுகில் விரித்துப்போட்டபடி ஜன்னலோரம் நிற்பாள். பிடித்திருக்கிறது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பிடித்ததை வெளியே காட்டினால் விலை ஏறிவிடும்.

ஆனால் அன்றைக்குக் காட்டிவிட்டேன். கத்தினேன்.

"அந்த முடியில யாராவது கை வச்சா கையை உடைப்பேன்!"

"அடேங்கப்பா. என் முடி மேல இவ்வளவு அக்கறையா?"

"அக்கறை கிடக்கட்டும். பேசி முடிப்போம். எவ்வளவு வெட்டற?"

கடைச் சட்டைப் பையிலிருந்து இரும்பு டேப்பை எடுத்து அவள் முதுகில் வைத்து அளந்தேன். இருபத்தாறு இஞ்ச்.

"இருபத்திரெண்டு எடுக்கணும்" என்றாள்.

"ரெண்டு."

"ரெண்டா? அது வெட்டற கணக்குலயே வராதுங்க. இருபது."

"நாலு. அதுக்கு மேல ஒரு நூல் போகாது."

"பதினஞ்சு."

"நாலரை."

"நாலரைக்கு நான் எதுக்கு பார்லர் போகணும்? நீங்களே மரம் அறுக்கற ரம்பத்தால அறுத்து விட்டுடுங்க."

அரைமணி நேரம் போனது. குழம்பு ஆறியது. கடைசியில் அவள் பெருமூச்சு விட்டாள்.

"உங்ககிட்டப் பேசி ஜெயிக்க முடியுமா? சரி, ஒரு இஞ்ச்கூட வெட்டல. பதிலுக்கு நான் கேக்கற ஒண்ணு தரணும்."

எதிராளி பூஜ்யத்துக்கு இறங்கிவிட்டால் யோசிக்கக் கூடாது. சட்டென்று கையைப் பிடித்து முடித்துவிட வேண்டும். அது என் பழக்கம். புடவை கேட்பாள், கேட்டுவிட்டுப் போகட்டும் என்று நினைத்தேன்.

"தந்தேன். கையைக் குடு."

கொடுத்தாள். பிடித்துக் குலுக்கினேன். மார்பு நிமிர்ந்தது.

"இப்பக் கேளு, என்ன வேணும்?"

"அந்த டேப்பைக் குடுங்க."

வாங்கினாள். என் இடது காதில் ஒரு நுனியை வைத்து, உச்சி வழியாக வலது காது வரை இழுத்துப் பார்த்தாள்.

"பதினோரு இஞ்ச். இது வேணும்."

"என்னது?"

"எடுத்துடணும். ஃபோட்டோவுக்கு முன்னாடி."

"ஏய், இது முடி இல்ல, மானம்!"

"கை குடுத்துட்டீங்க. கறார் பேச்சு மாறிட்டாருன்னு கடைத்தெருவுல போய்ச் சொல்லட்டுமா?"

அவள் மட்டும் வாக்கைக் காப்பாற்றுவாளா என்று சந்தேகம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே பார்லருக்குப் போனேன். வாசலில் நின்று, பார்லர்க்காரம்மாவிடம் அதட்டலாகவே சொன்னேன்.

"நாளைக்குப் பத்து மணிக்கு எங்க வீட்டம்மா பேர் இருக்கும். அடிச்சிடும்மா. அவ வரல."

அந்த அம்மா நோட்டைப் புரட்டினாள்.

"அக்கா பேர் இல்லையேண்ணே. உங்க பேர்தான் இருக்கு. போன வாரமே வந்து சொல்லிட்டுப் போனாங்க. ஆம்பளைங்களுக்கு நான் வெட்டறதில்ல. அக்கா கெஞ்சினாங்கன்னுதான் ஒத்துக்கிட்டேன்."

போன வாரம்! அந்த மொட்டைக் கதாநாயகி படத்தை என்னிடம் நீட்டியது இந்த வாரம்!

வீட்டுக்குப் போய்க் கதவை உதைத்துத் திறந்தேன்.

"உனக்கு வெட்டிக்கற எண்ணமே இல்லையா?"

"தேக்குக் கதவு வேணும்னா நீங்க எதைப் பிடிச்சுக்கிட்டு சண்டை போடுவீங்க?"

உதைத்த கதவை மெதுவாகச் சாத்தினேன்.

"பத்து வருஷமா எந்த ஃபோட்டோவை எடுத்தாலும் தலையில கை வச்சுக்கிட்டு நிக்கறீங்க. பாக்கறவங்க, என்னைக் கட்டிக்கிட்டதுக்குத்தான் இந்த மனுஷன் இப்படி நிக்கறாருன்னு நினைக்கறாங்க. இந்த ஒரு படத்துலயாவது கையைக் கீழ விட்டுட்டு நில்லுங்களேன்."

இதற்கு எதிர்விலை என்ன சொல்வது?

சனிக்கிழமை போனேன். முப்பத்தைந்து வருஷக் கௌரவத்தை அந்த அம்மா நாலே நிமிஷத்தில் பெருக்கி முறத்தில் அள்ளிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மாடியில் நல்ல காற்று. அவள் கூந்தல் பறந்து என் முகத்தில் விழுந்தது. என் தலையில் எதுவும் பறக்கவில்லை. சும்மா தொங்கிய என் கையை அவள் பிடித்துக்கொண்டாள். படம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. முதல் தடவையாக இரண்டு காதும் தெரிகிறது.

திங்கட்கிழமை கடையிலிருந்து வந்து கதவைத் தட்டினேன். யாரோ திறந்தார்கள். வேறு வீட்டுக்கு வந்துவிட்டேனோ என்று படியிறங்கிவிட்டேன்.

"எங்க போறீங்க? நான்தான்."

ஒரு பக்கம் காது வரைக்கும். இன்னொரு பக்கம் மெஷின்.

"ஒப்பந்தம் என்னடி ஆச்சு?"

"ஒரு இஞ்ச்கூட வெட்டலன்னு சொன்னேன். வெட்டலயே, நேத்து வரைக்கும். எத்தனை நாளைக்குன்னு நீங்க கேக்கவே இல்லையேங்க. கை குடுக்கறதுக்கு முன்னாடி கெடு கேக்க வேண்டாமா? பார்லர்லதான் ஆசை காட்டினாங்க. ஹீரோயினை விட எனக்கு எடுப்பா இருக்காம். திரும்பிப் பாருங்க, பின்பக்கம் எப்படி இருக்கு?"

இப்போது உன்னிடம் வருகிறேன். இதெல்லாம் உன் வேலை. எத்தனை வருஷமாகக் கதாநாயகிகளின் தலையை நீ மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறாய்! கதாநாயகன் தலையை ஒரு தடவையாவது காலி பண்ணினாயா? வழுக்கை என்றால் வில்லன், இல்லாவிட்டால் பெண்ணுக்கு அப்பா. என்னைப் போல் முடியைத் தோற்றவர்கள் எந்தப் பக்கம் போவது? போதும். அடுத்த படத்திலேயே இதைச் சரி செய். நல்ல பளபளப்பான வழுக்கைத் தலையனைக் கதாநாயகனாகப் போடு. அவனைப் பார்த்துக் கதாநாயகி மயங்கி விழ வேண்டும். என் மனைவியை முன்வரிசையில் உட்கார வைத்துக் காட்டுவேன். அந்தக் கதாநாயகிக்கு முடியை நீ எப்படி வேண்டுமானாலும் வெட்டிக்கொள். நான் பேரம் பேச மாட்டேன்.