ஜே.எம்.ஜே. முன்னால் நின்ற நூற்றிருபது பத்திரிகைகள்

ஜே.எம்.ஜே.

கிளமெண்டி,
14-5-1987

அன்புள்ள மச்சான் ஜார்ஜ் அவர்களுக்கு, சிலுவைராஜ் எழுதிக்கொண்டது. காத்தோங்கில் நீங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஆண்டவரை மன்றாடுகிறேன். இங்கே எனக்குத்தான் கால் தரையில் பாவவில்லை.

மச்சான், எனக்குக் கம்ப்யூட்டர் கைவந்துவிட்டது! ஜூரோங் கப்பல் பட்டறை ஸ்டோரில் இருபத்தாறு வருடம் பேனா பிடித்த எனக்கு! கம்ப்யூட்டர் அறை ரவூப் சொல்லிக்கொடுத்தார். ஒரு ஃபைலில் வரிவரியாக எழுதிவைத்தால் போதும், ஒவ்வொரு வரிக்கும் அதுவே விலாசம் அடிக்கிற புரோகிராமைக் கூப்பிட்டு வேலை வாங்கிக்கொள்ளும். நாம் வரிக்கு மூன்றே விவரம் கொடுக்கவேண்டும்: பெயர், பிளாக், தெரு. மகள் உர்சுலாவின் கல்யாணப் பத்திரிகை நூற்றிருபதுக்கும் நானே விலாசம் அடிப்பேன், யாரும் பேனாவைத் தொடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டுவிட்டேன். சேசு, மரி, சூசையின் மூன்றெழுத்தைப் போடாமல் நான் எதைத் தொடங்கியிருக்கிறேன்? ஒவ்வொரு வரியிலும் பெயருக்கு முன்னால் ஜே.எம்.ஜே. போட்டு ஓடவிட்டேன். அச்சான சீட்டுகளின் உச்சியில் அந்த எழுத்துகளைப் பார்த்து மனம் குளிர்ந்தேனே தவிர, கீழே பார்க்கவில்லை. ஒட்டினேன், தபாலில் சேர்த்தேன்.

போன வாரம் அத்தனையும் வீடு திரும்பிவிட்டன. பெயர் இடத்தில் ஜே.எம்.ஜே., பிளாக் இடத்தில் பெயர், தெரு இடத்தில் பிளாக். நாலாவதாக நின்ற தெருவை அந்தப் புரோகிராம் கண்டுகொள்ளவே இல்லை! கல்யாணத்துக்கு மூன்று வாரம்தான் இருந்தது. கோயிலில் பெண்ணும் மாப்பிள்ளையும் சாமியாரும் மட்டும் நிற்பதாக நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை. ரவூப் பார்த்துவிட்டு, "அண்ணே, அதுக்கு சாமியெல்லாம் தெரியாது லா. முதல்ல எதைக் குடுக்கிறீங்களோ அதுதான் அதுக்குப் பேரு" என்றார்.

வரிகளிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனாலும் மனம் கேட்காமல் ஃபைலின் தலையில் தனியாக ஒரே ஒரு ஜே.எம்.ஜே. போட்டேன். கம்ப்யூட்டர் அதையும் ஒரு புரோகிராம் என்று நினைத்துத் தேடிப்பார்த்து, கெட்ட கட்டளை என்று திரையில் திட்டிவிட்டு, மிச்சத்தை ஒழுங்காக அடித்துக் கொடுத்தது! இன்று காலை நூற்றிருபதும் மறுபடி தபாலில் போயின. முப்பதாம் தேதி கோயில் நிறைந்துவிடும் மச்சான்.

மாதா உங்கள் எல்லோரையும் காப்பாளாக. ரோசம்மா தன் அண்ணனைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
சிலுவைராஜ்

பி.கு.: இதைப் படித்துவிட்டு உர்சுலா தலையைக் குனிந்துகொண்டாள். முதல்முறை நான் ஒட்டும்போதே தப்பைப் பார்த்துவிட்டாளாம். அந்த வாரமே பத்திரிகையைக் கையாலேயே எழுதி, பூசை முடிந்ததும் வீடு வீடாகப் போய் எல்லோருக்கும் கொடுத்துவிட்டாளாம். "நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்கப்பா, எப்படிச் சொல்றது?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களுக்கும் கொடுத்தாளாமே, நீங்களும் மூச்சு விடவில்லையே! சரி மச்சான், நாளை என் பத்திரிகை உங்கள் வீட்டுக்கு வரும். கல்யாணச் செய்தி இப்போதுதான் தெரிந்த மாதிரி எனக்கு ஒரு போன் போடுங்கள்.