சைலன்சர் வண்டியில் நடு சீட்டு

எனக்கு எழுபத்து மூன்று வயது முடிந்துவிட்டது. பெற்றது நான்கு, தங்கை விட்டுப்போனது இரண்டு, ஆக ஆறு பிள்ளைகளை ஆளாக்கினேன். ஒன்றுகூட வீணாகப் போகவில்லை. என் பெயரை எழுதுவேன், பஸ் போர்டு படிப்பேன்; அதற்கு மேல் எழுத்து வேலை என்றால் பேரன் சதீஷின் கைதான். இத்தனை வயதில் எத்தனையோ கிறுக்கர்களைப் பார்த்தாயிற்று. ஆனால் மனிதனின் களைப்பை ரகம் ரகமாகப் பிரித்து, ரகத்துக்கு ஒரு சீட்டு ஒதுக்கிய கிறுக்கன் உலகத்திலேயே ஒருவன்தான். அவன் பெயர் சைலன்சர்.

பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் தெரியாது. வாய் ஒரு நொடி மூடாது என்பதால் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் வைத்த பெயர் அது. ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினான். நான் அப்போது ஒரகடத்தில், கம்பெனிகளுக்குச் சாப்பாடு செய்து அனுப்பும் ஒரு கிச்சனில் இரவு முழுக்கக் காய் நறுக்கும் வேலையில் இருந்தேன். விடிந்ததும் நைட் ஷிஃப்ட் முடித்து வரும் பிள்ளைகளோடு பிள்ளையாக அவன் வண்டியில் ஏறி வீடு வந்து சேருவேன்.

மற்ற ஆட்டோக்களில் ஏறுவது சுலபம். இடித்துக்கொண்டு ஏற வேண்டியதுதான். சைலன்சர் வண்டியில் அது நடக்காது. வாசலில் கையைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்பான்.

“நில்லு. இன்னிக்கு நீ இன்னா? டயர்டா, ட்ரௌசியா, எக்ஸாஸ்டடா?”

முதல் நாள் என்னையும் கேட்டான். ஏதோ வியாதியின் பெயர் என்று நினைத்து, “அதெல்லாம் எங்க வம்சத்துலயே கிடையாதுடா” என்றேன்.

“ஆயா, அது நோவு இல்ல. ஒடம்பு எப்டி கீதுன்னு கேக்கறேன்.”

“வேலை செஞ்சா ஒடம்பு வலிக்கும். இதுல என்னடா கேள்வி?”

“வலிக்கிறது கால்லயா, கண்ணுலயா, உள்ளயா? நம்ம ஆளுங்க எல்லாத்துக்கும் ‘முடியல’ன்னு ஒண்ணே சொல்லிட்டுப் பூடுவாங்க. இங்கிலீஷ்காரன் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு வச்சிகிறான். நம்மள வேலை வாங்கினவன் அவன்தான ஆயா, அவனுக்குத் தெரியாதா?”

இந்த இங்கிலீஷ் அவனுக்கு வந்த வழியே தனி. முன்பு ஏர்போர்ட்டிலிருந்து கம்பெனிக்குப் பெரிய ஆபீசர்களை ஏற்றி வரும் கார் ஓட்டினான். பின் சீட்டில் உட்கார்ந்தவர்கள் போனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டே, கண்ணாடியில் அவர்கள் முகத்தையும் பார்த்துக்கொண்டே வருவான். டயர்ட் என்று சொன்ன ஆபீசர் அதற்குப் பிறகும் ஊர்க்கதை பேசிக்கொண்டு வருவாராம். எக்ஸாஸ்டட் என்று சொன்னவர் போனை அணைத்துவிட்டுத் தலையைச் சாய்த்து வாயைத் திறந்துவிடுவாராம். டிரெய்ன்ட், அதாவது உள்ளே இருந்ததெல்லாம் வடிந்துவிட்டது என்று சொன்னவர், தூங்கவும் மாட்டார், பேசவும் மாட்டார், வெளியே போகும் மாட்டைப் பார்த்துக்கொண்டு வருவார். “பர்ன்ட் அவுட்டுன்னு ஒருத்தர் சிரிச்சிகினே சொன்னாரு ஆயா. அடுத்த மாசம் அவர ஏத்தப் போனா, அந்த ஆபீசரே இல்ல, வேற ஆளு.”

கற்றதை அப்படியே ஆட்டோவுக்குக் கொண்டு வந்தான். வண்டிக்கு இடது பக்கம் கதவு கிடையாது. அந்த ஓரத்தில் உட்கார்ந்து கண் அசந்தால் நேராக ரோடுதான். அந்தச் சாலையில் வேறொரு வண்டியிலிருந்து தெற்கத்திப் பையன் ஒருவன் தூக்கத்திலேயே விழுந்து உயிர் போனதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். அதிலிருந்து சைலன்சருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு வைராக்கியம்தான். தன் வண்டியிலிருந்து ஒருவரும் தூங்கி விழக் கூடாது. ஓனருக்கு வண்டி வாடகை கட்டவில்லை என்றால்கூட அவன் கவலைப்பட்டுப் பார்த்ததில்லை. இதற்குக் கவலைப்படுவான்.

ஆகையால் டயர்டு ஆசாமிகள் வாசல் ஓரம். காலை நீட்டி ஒரு டீ குடித்தால் சரியாகிவிடும் கும்பல், தூங்காது. ட்ரௌசி, கண் சொக்குகிற கும்பல், எதிர் பெஞ்சின் உள் மூலை. எக்ஸாஸ்டட் என்றால் நடு சீட்டு, இரண்டு டயர்டுக்கு நடுவே, சாய்ந்தாலும் தோள்தான் கிடைக்கும். எல்லாவற்றையும்விட அவன் பயந்தது ஃபெட்டீக் என்ற ரகத்துக்கு. “அது ஒரு நாள்ல வர்றது இல்ல ஆயா. அரிசில வண்டு மாரி. எப்ப வந்துச்சின்னு அவனுக்கே தெரியாது. கண்ணு தொறந்துதான் கீது, உள்ள ஆளு இல்ல.” அந்த ரகத்தை நடு சீட்டில் உட்கார வைத்து, பக்கத்தில் இருப்பவரின் துப்பட்டாவையோ துண்டையோ இடுப்பில் சுற்றிப் பிடிக்கச் சொல்வான்.

இதற்காக அவன் வாங்கிய வசவைத் தராசில் நிறுத்தால் வண்டியே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஒரு நாள் கல்யாணத் தரகர் ஒருவர், நெற்றியில் சந்தனம், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, பெண் பார்க்கும் வீட்டுக்குப் போகிற அவசரம்.

“நீங்க இன்னா சார்?”

“நான் மறைமலை நகர் போகணும்.”

“எங்க போறீங்கன்னு கேக்கல. எப்டி கீறீங்க?”

“நல்லாத் தூங்கி, குளிச்சு, பொங்கல் சாப்பிட்டுட்டு வரேன்யா!”

சைலன்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த வழியில் அப்படி ஒரு பயணியை அவன் பார்த்ததே இல்லை. “ஃப்ரெஷ்ஷு! ஃப்ரெஷ்ஷு வந்துகிறாரு!” என்று ஸ்டாண்டுக்கே கேட்கும்படி கத்தி, அவரை வாசல் ஓரம் உட்கார வைத்து, கம்பியைப் பிடித்துக் கையை வேலி மாதிரி குறுக்கே போடச் சொல்லிவிட்டான். சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் அந்த மனிதர் கையை எடுக்கவில்லை. இறங்கும்போது அவருடைய வெள்ளைத் தோளில் ஒரு பெண்ணின் எச்சில் பெரிய வட்டமாக ஊறி இருந்தது. “இந்தச் சட்டையோட நான் எப்படிய்யா பொண்ணு வீட்டுக்குப் போவேன்?” என்றார். “பொண்ணு வூட்ல கேட்டா, ஒரு புள்ள உங்க தோள்ல நிம்மதியா தூங்குச்சின்னு சொல்லுங்க சார், ஒடனே ஒத்துக்குவாங்க” என்றான்.

பையன்கள் சில பேர், பெண்களுக்கு நடுவில் உட்காரலாம் என்று தினமும் எக்ஸாஸ்டட் சொல்லிப் பார்த்தார்கள். அவர்களை டிரைவர் சீட்டை ஒட்டித் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு பேசினான். இறங்கும்போது நிஜமாகவே எக்ஸாஸ்டட் ஆகியிருப்பார்கள்.

என்னை மட்டும் அவனால் வகைப்படுத்த முடியவில்லை. தினமும் கேட்பான். “எனக்கு ஒண்ணும் இல்லடா, வழி வுடு” என்பேன். ஆறு பிள்ளை வளர்த்தவள் ஒரு ஆட்டோக்காரனிடம் போய் முடியவில்லை என்று சொல்வேனா?

அந்தக் கூட்டத்தில் முத்துமாரி என்று ஒரு பெண். தென்காசிப் பக்கம். எங்கள் மேல் வீட்டில் வாடகைக்கு அறை எடுத்து ஏழெட்டுப் பெண்கள் சேர்ந்திருந்தார்கள். கம்பெனி லைனில் நின்று ஸ்க்ரூ முடுக்கும் காண்ட்ராக்ட் வேலை. ஊரில் அப்பாவுக்கு வாரம் தவறாமல் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஓவர்டைம் என்று யார் கூப்பிட்டாலும் இவள்தான் முதலில் கை தூக்குவாள். சைலன்சர் அவளைக் கேட்பதையே நிறுத்திவிட்டான். பார்த்ததும் “தென்காசி, நடு சீட்டு” என்பான். “வாரேன் அண்ணாச்சி” என்று ஏறி, வண்டி கிளம்புவதற்குள் தூங்கிவிடுவாள்.

ஒரு நாள் காலையில் அவள் வரும்போதே முகம் வெளுத்திருந்தது. என் காதோடு சொன்னாள். “ஆச்சி, ராத்திரி லைன்ல கண்ணு சொருகிட்டு. லீடர் பாத்துட்டாரு. குனிஞ்சு ஸ்க்ரூ எடுத்தேன்னு பொய் சொல்லிட்டேன். தூங்குதேன்னு தெரிஞ்சா அடுத்த மாசம் லிஸ்ட்ல பேரு இருக்காதாம்.”

சொல்லி வாய் மூடவில்லை, அந்த லைன் லீடரே வந்து நின்றான். மணிமங்கலத்துப் பையன், சிங்கப்பெருமாள் கோவிலில் அறை எடுத்திருந்தான், இருபத்தைந்து வயதுக்குமேல் இருக்காது. பைக் பஞ்சராம். “நானும் வரேன்” என்றான்.

சைலன்சர் வழக்கம்போல் கையை நீட்டினான். “யாரு யாரு எப்டி?”

எல்லாப் பெண்களும் வரிசையாக, “ஃபைன்ணா.” “சூப்பர்ணா.” “நல்லாருக்கேன்ணா.” ராத்திரி முழுக்க நின்ற கூட்டம் திருவிழாவுக்குக் கிளம்புவது போலச் சிரித்துக்கொண்டு நின்றது. முத்துமாரி எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தாள். அவள் கண் இரண்டும் கோவைப் பழமாகச் சிவந்து இருந்தது. சைலன்சர் அவளைப் பார்த்தான், லீடரைப் பார்த்தான். நடு சீட்டு என்று சொன்னால் அவள் பிழைப்பு போகும். சொல்லாமல் விட்டால் அவளே போவாள். முதல் தடவையாக அவனுக்குப் பேச்சு வரவில்லை.

நான்தான் முன்னால் போனேன். “டேய் சைலன்சரு, நான் இன்னிக்கு எக்ஸாஸ்டட்.”

ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. அந்த வார்த்தை என் வாயில் சரியாக வந்ததா என்றுகூடத் தெரியாது. உடம்பெல்லாம் கூசியது. ஆனால் அவன் கப்பென்று பிடித்துக்கொண்டான்.

“ஆயா எக்ஸாஸ்டட்! வயசான கட்டை, விழுந்துட்டா யாரு பதில் சொல்றது? ஆயா நடு சீட்டு. கெட்டியா புடிச்சிக்க ஒரு பொண்ணு வேணும். தென்காசி, நீ வா. ஆயாமேல சாஞ்சி அப்டியே அமுக்கிப் புடி. வுட்ராத.”

அவள் என்னைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பார்ப்பவர்களுக்கு அவள் என்னைத் தாங்குகிற மாதிரி இருக்கும். என் முந்தானையை அவள் முகத்தில் இழுத்துவிட்டேன். அவள் மூச்சு தூக்கத்துக்கு மாறுவது எனக்கே தெரிந்தது.

வாசல் ஓரம் மட்டும் காலி. “நீங்க சார்?” என்று சைலன்சர் லீடரைக் கேட்டான்.

“எனக்கு என்ன? டயர்டுங்கிறதே நம்ம டிக்‌ஷனரில கிடையாதுப்பா. இவங்கள கேளு.”

பெண்கள் மரியாதைக்குச் சிரித்தார்கள். அவன் ஓரத்தில் உட்கார்ந்து போனை எடுத்தான். வண்டி கிளம்பியது. வழியெல்லாம் சைலன்சரின் கண் கண்ணாடியில், எங்கள் மேல்தான். என் கண் முத்துமாரி மேல். மற்ற பெண்களும் அவளைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்கள், குறட்டை விட்டுவிடுவாளோ என்று.

ஆப்பூர் தாண்டி ஒரு வளைவு. முதலில் லீடரின் போன்தான் விழுந்தது. அதை எடுக்கத்தான் குனிகிறான் என்று நினைத்தோம்.

அவன் அப்படியே ரோட்டுக்குப் போய்விட்டான்.

நிறுத்தி ஓடிப் போய்த் தூக்கினோம். ரோடு ஓரத்துக் கல்லில் தலை பட்டிருந்தது. “நடுவுல படுக்க வைங்க, நடுவுல படுக்க வைங்க” என்று சைலன்சர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தான். லீடரின் தலையை முத்துமாரி தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவன் ஒரு தடவை கண் திறந்தான். தன்னை யார் பிடித்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரிந்ததோ இல்லையோ, “சாரி, அசந்துட்டேன்” என்றான். அவ்வளவுதான். மணிமங்கலத்திலிருந்து அவன் அம்மா ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவதற்குள் முடிந்துவிட்டது.

அதற்கு முந்தின பகல் ஷிஃப்டும் அவன்தான் பார்த்தானாம். மாற்று லீடர் வரவில்லை என்று மேலே இருப்பவர் கேட்டபோது, “நான் ஃப்ரெஷ்ஷா இருக்கேன் சார்” என்று சொல்லியிருக்கிறான். வாசலில் எங்களிடம் சொன்னது போலவே.

அன்று இரவு லைன் நிற்கவில்லை. வேறு லீடர் வந்தான். முத்துமாரியின் பெயர் அடுத்த மாத லிஸ்டில் இருந்தது. அவள் கண் சொருகியதைப் பார்த்தவன் ஒருவன்தான், அவனும் இல்லை. அவள் அப்பாவுக்குப் பணம் தவறாமல் போனது. அவள் மட்டும் அதற்குப் பிறகு வண்டியில் தூங்கி நான் பார்க்கவில்லை.

சைலன்சர் மேல் கேஸ். தப்பு தன்னுடையதுதான் என்று ஒத்துக்கொண்டான், லைசென்ஸ் போனது. வண்டி ஓனர் வண்டியைப் பிடுங்கிக்கொண்டார். கொஞ்ச நாள் கழித்து டீக்கடையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவனைப் பார்த்தேன். “ஆயா, அசந்துட்டேன்னானே, அதுக்கு இங்கிலீஷ்ல இன்னா?” என்று கேட்டான்.

“எனக்கு என்னடா தெரியும்?”

“எந்த ஆபீசரும் கார்ல அத சொன்னதில்ல ஆயா. அந்த வார்த்த எனக்குத் தெரிஞ்சிருந்தா அவன ஓரத்துல வச்சிருக்க மாட்டேன்.”

“அவன் பொய் சொன்னாண்டா.”

“பொய் சொல்லல ஆயா. அத்தினி பொண்ணுங்க பாத்துகினு நின்னா வேற இன்னா சொல்லுவான்?”

அவன் பாத்திரத்தைக் கழுவி முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நின்றுவிட்டு வந்தேன்.

நான் வேலையை விட்டு நாளாகிறது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. ஆனால் சைலன்சர் விடவில்லை. ஷிஃப்ட் விடும் நேரத்துக்கு டீக்கடையிலிருந்து ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறான். வண்டி இல்லை, லைசென்ஸ் இல்லை. மற்றவர்கள் வண்டியில் ஆட்களை உட்கார வைக்கிறான். காசு கிடையாது. டிரைவர்கள் கத்துகிறார்கள், ஒருவன் அடித்தேவிட்டானாம். இப்போது அவன் முதலில் கேட்பது பெண்களை இல்லை. கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை தொங்கவிட்ட சூப்பர்வைசர்களைத்தான். யாராவது ஃப்ரெஷ் என்று சொன்னால் கோபம் வந்துவிடுகிறது. “அப்டி ஒரு ரகமே கிடையாது சார். உள்ள போங்க, நடுவுல போங்க.”

என் பேரன் சதீஷும் இப்போது அங்கேதான் நைட் ஷிஃப்ட். போன வாரம் வந்து, “ஆயா, ஒரு ஆளு என்ன ரெண்டு பேருக்கு நடுவுல தள்ளி அமுக்கிட்டான்” என்று சண்டைக்கு நின்றான். வீட்டு வாசல் வரைக்கும் பத்திரமாக வந்துவிட்டுச் சண்டை.

சரிடா சதீஷு, இதோட போதும். மொதல்லேர்ந்து ஒருவாட்டி படிச்சுக் காட்டு. நிதானமா படி. எங்கியாவது சைலன்சர் செத்துப்போன மாதிரி எழுதியிருந்தா சொல்லு, மாத்திடலாம். நல்லாத்தான் இருக்கான். வெயில்ல நிக்கறான், அவ்ளோதான்.