காலடி படாத தீவு

செருப்பை முதலில் பார்த்தது பல் டாக்டரம்மாதான்.

"இங்க ஒரு செருப்பு கெடக்கு!" என்று கரையிலிருந்து கத்தினார். அந்தக் குரலில் இருந்தது பயமா, காசு கொடுத்தவரின் கோபமா என்று ரப்பர் படகைக் கட்டிக்கொண்டிருந்த துடைப்பத்துக்குப் புரியவில்லை.

நீல நிற ரப்பர் செருப்பு. இடது கால். வார் அறுந்துபோய் ஊக்கு குத்தியிருந்தது. அந்த ஊக்கைக் குத்தியவன் அவனேதான்.

துடைப்பம் என்பது கப்பலில் அவனுக்கு வைத்த பெயர். வேலைக்கு எடுத்தபோது 'கடற்கரை உதவியாளர்' என்று கௌரவமாகத்தான் சொன்னார்கள். அந்தப் பாய்மரக் கப்பலில் ஏறுகிறவர்கள் எல்லாம் பெரிய இடம். பஞ்சு மெத்தை, பளிங்குக் குளியலறை, பாய் விரிக்கும்போது வயலின் வாசிக்க ஒருவர். இதெல்லாம் மற்ற கப்பல்களிலும் கிடைக்கும். இந்தக் கம்பெனி விற்றது வேறொன்றை: மனிதக் காலடியே படாத தீவு. பயணத்தின் கடைசியில் விருந்தாளிகளை அங்கே இறக்கி, "இந்த மண்ணுல விழற முதல் காலடி உங்களோடது" என்று கேப்டன் உருக்கமாகப் பேசுவார். சிலர் கண்கலங்கிவிடுவார்கள்.

வாரா வாரம் அதே தீவு. வாரா வாரம் முதல் காலடி. போன வாரத்து முதல் காலடிகளை யாராவது அழிக்க வேண்டாமா? அதற்குத்தான் துடைப்பம். விடிந்ததும் அவன் முன்னால் போய், தென்னை மட்டையை எடுத்துக்கொண்டு, பின்பக்கமாக நடந்தபடியே கரை முழுக்கப் பெருக்குவான். பாட்டில் மூடி, ஆரஞ்சுத் தோல், சிகரெட் துண்டு எல்லாவற்றையும் பொறுக்குவான். கடைசியில் தன் காலடியையும் தானே அழித்துக்கொண்டு படகில் ஏறிவிடுவான். தான் வந்துபோனதே தெரியக்கூடாது என்பதற்காகச் சம்பளம் வாங்குகிற பிழைப்பு.

இந்தப் பயணம் முடிந்ததும் அவனுக்கு லீவு. மகள் பிறந்ததே அவன் கப்பலேறிய பிறகுதான். இன்னும் அவளைக் கையில் தூக்கியதில்லை. அவளைப் பொறுத்தவரை அப்பா என்பது ஒரு போன். போனுக்கு முத்தம் கொடுப்பாள், போனுக்குச் சோறு ஊட்டுவாள். சார்ஜில் போட்டிருந்தால், "அப்பா தூங்குது" என்பாள். அதைக் கேட்டு மனைவி சிரிப்பாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று பேச்சை மாற்றுவாள்.

லீவு கொடுத்தது ஹெட் ஆபீஸ். கேப்டனால் மறுக்க முடியாது. "நீ போயிட்டா யாருப்பா பெருக்கறது? மாத்து ஆளு அனுப்ப மாட்டாங்களே. என் இடுப்புக்கு இது ஆகாதேப்பா" என்று சிரித்தபடி முதுகில் தட்டினார். ஒரே ஒரு விதி மட்டும் இருந்தது. காலடி படாத தீவில் விருந்தாளி கண்ணில் ஏதாவது தடயம் பட்டால், பெருக்கியவனின் லீவு ரத்து. அடுத்த சீசன் வரை அதைப் பற்றிப் பேச்செடுக்கவே கூடாது.

லீவு கிடைத்ததைக் கேட்டுச் சந்தோஷப்படாதவர் சமையல்காரர் ஒருவர்தான். அதிகம் பேசாத மனிதர். எந்நேரமும் வெறுங்காலோடு அடுப்படியில் நிற்பவர். "இனிமே செருப்பத் தலைமாட்டுல வெச்சுப் படு தம்பி" என்றார். வெங்காயம் நறுக்கி நறுக்கி மனுஷனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று துடைப்பம் நினைத்துக்கொண்டான்.

இப்போது அவன் படகின் பலகைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தான். வலது செருப்பு மட்டும் இருந்தது. காலையில் இரண்டையும் கழற்றி இங்கே வைத்துவிட்டுத்தானே இறங்கினான்? வைத்தான். வைத்தானா? இன்றைக்கென்று பார்த்துக் கேப்டன் வேறு, காற்று வாங்க வேண்டும் என்று கூடவே வந்து, அவன் பெருக்கி முடிக்கிறவரை படகில் உட்கார்ந்திருந்தார். பெரிய மனுஷன் பார்க்கிறாரே என்ற பதற்றத்தில் என்ன செய்து தொலைத்தோமோ.

"கடல் அடிச்சுட்டு வந்திருக்கும் மேடம்" என்றான் ஓடிவந்து. "குடுங்க, நான் தூக்கிப் போட்டுடறேன்."

"இருப்பா." செருப்பைக் கையில் வாங்கியவர் ஓய்வுபெற்ற நீதிபதி. ஓய்வு பெற்ற நாளிலிருந்து விசாரிக்க ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர். "கடல்ல வந்த செருப்புன்னா ஈரமா இருக்கணும். இது காஞ்சு கெடக்கு. ஊக்கு துருப்பிடிக்கல. என்ன சொல்ற?"

"பறவை தூக்கிட்டு வந்திருக்கும் அய்யா."

"எந்தப் பறவை?"

"பெரிய பறவைங்க அய்யா."

நீதிபதி அவனை மேலும் கீழும் பார்த்தார். அவன் வெறுங்காலை மணலுக்குள் புதைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தான்.

"அப்ப எங்களுக்கு முன்னாடியே யாரோ வந்திருக்காங்க" என்றார் டாக்டரம்மா. "முதல் காலடின்னு சொல்லித்தானே எங்ககிட்ட அவ்வளவு வாங்கினீங்க?"

எல்லாரும் கேப்டனைப் பார்த்தார்கள். கேப்டன் தொப்பியைக் கழற்றினார். கடலைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார்.

"எனக்கு ஒண்ணுதான் தோணுது. எங்கயோ கப்பல் உடைஞ்சு, எவனோ ஒருத்தன் இங்க ஒதுங்கியிருக்கான்."

"அப்ப முதல் காலடி?"

"அவன் ஆசைப்பட்டு வரலையே மேடம். அது கணக்குல சேராது."

துடைப்பத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கேப்டன் அவனைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தார். எவ்வளவு பெரிய மனசு!

ஆனால் டாக்டரம்மாவின் முகம் அடியோடு மாறியிருந்தது. "அய்யோ பாவம். அப்ப இங்க ஒரு மனுஷன் பட்டினியா கெடக்கறானா? வாங்க, தேடலாம்."

தேடினார்கள். புதர் புதராகத் தேடினார்கள். "யாராவது இருக்கீங்களா? பயப்படாதீங்க, வெளிய வாங்க!" என்று நீதிபதி கூப்பிட்டார். அவருக்குத் தொண்டை கட்டியதும், "நீ கூப்பிடுப்பா, உனக்குக் கணீர்னு குரல் இருக்கு" என்று துடைப்பத்திடம் ஒப்படைத்தார். அவனும் தீவைச் சுற்றிச் சுற்றி வந்து தன்னையே கூப்பிட்டான். பதில் வராதது அவனுக்கு ஆச்சரியமாக இல்லை.

நடுவில் இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. படகில் கிடக்கும் வலது செருப்பை யாராவது பார்த்துவிட்டால் கையும் களவுமாக மாட்டிக்கொள்வான். தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று படகுக்கு ஓடினான். யாரும் பார்க்காத நேரத்தில் செருப்பை எடுத்து, கை வலிக்கும் அளவுக்கு ஓங்கிக் கடலில் வீசினான். அது விழுந்த இடம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. தொலைந்தது சனியன் என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

இத்தனை வருடம் கடலில் இருந்தும் அந்த நேரத்துக்கு அலை எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கத் தோன்றவில்லை.

தேடி ஓய்ந்து எல்லாரும் கரையில் உட்கார்ந்திருந்தபோது, ஓர் அலை வந்து டாக்டரம்மாவின் காலடியில் எதையோ போட்டுவிட்டுப் போனது. அவர் குனிந்து பார்த்தார். பிறகு அவர் போட்ட அலறலில் மரத்திலிருந்த பறவைகள் எல்லாம் எழும்பிப் பறந்தன.

நீதிபதி இரண்டு செருப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அதே நீலம். அதே தேய்மானம்.

"ஒண்ணு கரையில. ஒண்ணு கடல்ல" என்றார். "காத்திருந்து காத்திருந்து பாத்திருக்கான். யாரும் வரல. கடலுக்குள்ள எறங்கி நடந்துட்டான்."

"எப்ப?" என்றார் டாக்டரம்மா, கேட்க விரும்பாதவர் போல.

"கரையில கெடந்தது மேல மணல்கூட இன்னும் ஏறல. இன்னிக்குக் காலையிலயா இருக்கும்."

டாக்டரம்மா மணலில் அப்படியே சாய்ந்துவிட்டார். நேற்று மாலையே தீவுக்கு வந்திருக்க வேண்டியது. சூரியன் மறைவதைக் கப்பல் மேல்தளத்திலிருந்து வயலினோடு பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர்தான். "நான் ஒரு பாட்டுக் கேக்கறதுக்காக ஒரு உசிரு போயிடுச்சே" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார்.

துடைப்பத்துக்கு அவர் அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. "மேடம், அப்படியெல்லாம் இருக்காது. அவன் நல்லாத்தான் இருப்பான்" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான்.

"உனக்கெப்படித் தெரியும்?" என்று நீதிபதி திரும்பினார்.

"மனசு சொல்லுதுங்க அய்யா."

"உடம்புதான் கெடைக்கல. இதையாவது அடக்கம் பண்ணணும்" என்றார் நீதிபதி. "ஒரு குழி தோண்டுப்பா. அந்தச் சாஞ்ச மரத்தடியில."

"அங்க வேண்டாம் அய்யா" என்று கேப்டன் அவசரமாக இடைமறித்தார். "வேர் இருக்கும். இந்தப் பக்கம் தோண்டலாம்."

"நிழல் இருக்கற எடம்தான் அவனுக்கு. இத்தனை நாள் வெயில்ல கெடந்தான்" என்று நீதிபதி தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

ஆக, துடைப்பம் தனக்குத் தானே குழி தோண்டினான். வேர் ஒன்றும் இல்லை. முழங்கை ஆழம் போனதும் கையில் ஏதோ தட்டியது. மண்ணை விலக்கினான். ஒரு பழுப்பு நிறச் செருப்பு, ஒற்றைச் செருப்பு, கெட்டியாகி வெடித்துக் கிடந்தது.

இன்னொரு செருப்பு வெளியே வந்தால் இன்னொரு பிணம். சாயங்காலம்வரை அழுதுகொண்டே இருப்பார்கள். குனிந்த வாக்கில் அதை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவன் போல நிமிர்ந்தான்.

நீலச் செருப்புகளை உள்ளே வைத்தார்கள். எல்லாரும் தலைகுனிந்து நின்றார்கள். நீதிபதி பேசினார்.

"நீ யாருன்னு எங்களுக்குத் தெரியாதுப்பா. அறுந்துபோன செருப்புக்கு ஊக்குக் குத்திப் போட்டிருக்க. புதுசு வாங்காம அந்தக் காசை வீட்டுக்கு அனுப்பியிருப்ப. உனக்கு ஒரு பொண்டாட்டி இருக்கலாம். ஒரு கொழந்தை இருக்கலாம். அப்பா எப்ப வரும், எப்ப வரும்னு கேட்டுக்கிட்டே இருக்கும். நீ வரமாட்டேன்னு அதுகிட்ட யாரு போய்ச் சொல்றது?"

அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த துடைப்பம் வாய்விட்டு அழுதுவிட்டான். சாதாரண அழுகை இல்லை. கப்பலேறிய நாளிலிருந்து சேர்த்து வைத்த அழுகை. மண்டிபோட்டு, தன் செருப்பின் மேல் தானே மண்ணைத் தள்ளிக்கொண்டு அழுதான்.

டாக்டரம்மா அவன் தோளைத் தொட்டார். "முகம் தெரியாதவனுக்காக இப்படி அழறியே. எவ்வளவு நல்ல மனசு உனக்கு."

"கொஞ்சம் வேண்டியவன் மாதிரி இருக்குங்க மேடம்" என்றான் மூக்கை உறிஞ்சியபடி.

கப்பல் திரும்பியதும் நல்லபடியாக முடிந்தது என்றுதான் அவன் நினைத்தான். யாரும் புகார் சொல்லவில்லை. காசு திரும்பக் கேட்கவில்லை. மேல்தளத்தில் அன்று வயலின்கூட வேண்டாம் என்றுவிட்டார்கள். பெட்டியில் மகளுக்கு வாங்கி வைத்திருந்த பொம்மைப் படகை எடுத்து ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

அப்போதுதான் கேப்டன் கூப்பிட்டனுப்பினார். முகம் தொங்கிப் போயிருந்தது.

"ஜட்ஜ் அய்யா ஹெட் ஆபீசுக்கே ரேடியோவுல பேசிட்டாருப்பா. செத்தவனோட குடும்பத்தைக் கண்டுபிடிச்சு உதவி பண்ணணுமாம். நீலச் செருப்பு, இடது வாருல ஊக்குன்னு அடையாளம் வேற சொல்லியிருக்காரு. ஆபீஸ்ல உன்னைத் தெரியாதவங்களா?"

துடைப்பம் ஓரடி முன்னால் வந்தான். "சார், லீவு..."

"நான் எவ்வளவோ பாத்தேன். கதை கட்டினேன், கண்ணடிச்சேன். விதின்னு ஒண்ணு இருக்கே. அடுத்த சீசன் பாத்துக்கலாம்." கேப்டன் அலமாரியைத் திறந்து ஒரு புதுச் செருப்பு ஜோடியை எடுத்து நீட்டினார். "இந்தா, வெறுங்காலோட நடக்காத. மனசு கேக்க மாட்டேங்குது."

அளவு கச்சிதமாக இருந்தது. இத்தனை துக்கத்திலும் அவனுக்கு நன்றியில் கண் நிறைந்தது.

சமையலறையில் சமையல்காரர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். துடைப்பம் மூலையில் கிடந்த காய்கறிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினான்.

"வீட்டுக்கு என்னண்ணே சொல்றது? வரேன்னு சொல்லி வெச்சிருக்கேன். பாப்பா நாளைக்கே வாசல்ல வந்து நிக்கும்."

அவர் அடுத்த பாத்திரத்தை எடுத்தார். குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

"என் கவனக்குறைவுதான். யாரைக் குத்தம் சொல்றது? பாவம் கேப்டன், எனக்காக எவ்வளவு போராடினாரு. புதுச் செருப்பு வேற குடுத்தாருண்ணே." சட்டைக்குள் ஏதோ குத்தியது. அப்போதுதான் நினைவு வந்து அந்தப் பழுப்புச் செருப்பை எடுத்து மேஜைமேல் வைத்தான். "குழி தோண்டறப்ப இது கெடைச்சுது. யாரோ பாவம், உண்மையிலயே அங்க செத்திருக்கான் போல."

சமையல்காரர் குழாயை மூடினார். ஈரக் கையை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டு செருப்பை எடுத்தார். திருப்பிப் பார்த்தார். பிறகு அதைத் தரையில் போட்டு, தன் வெறுங்காலை அதற்குள் மெதுவாக நுழைத்தார். அது பொருந்தியது.

"இது என்னோடது தம்பி" என்றார். "நானும் பெருக்கறவனாத்தான் இந்தக் கப்பல்ல ஏறினேன். எனக்கு லீவு கெடைச்ச வாரம், கேப்டன் காத்து வாங்கணும்னு கூட வந்த அன்னிக்கு, காணாமப் போச்சு. லீவும் அதோடயே போச்சு."