கீறல் விழாத மார்புக் கவசம்

தமிழ்நாட்டிலேயே அதிக நாள் உழைத்துக்கொண்டிருக்கும் டேக்வாண்டோ மார்புக் கவசம் எங்கள் சங்கராபுரத்தில்தான் இருக்கிறது. இதை எந்த மேடையிலும் மார்தட்டிச் சொல்வேன். கவசத்தைத் தட்டத்தான் யாருக்கும் அனுமதி இல்லை.

அடியேன் தங்கதுரை, சங்கராபுரம் தற்காப்புக் கலை வளர்ச்சிக் கழகத்தின் 'நிரந்தர' செயலாளர். கழகத்துக்கு வருகிற ஒவ்வொரு பொருளிலும் 'உபயம்: இன்னார்' என்று கொடுத்தவர் பெயரை எழுதுவது என் பொறுப்பு. மின்விசிறி இறக்கைகளில் எழுதியிருக்கிறேன். தண்ணீர்க் குடத்தில் ஒருவர் பெயர், அதை மூடும் தட்டில் இன்னொருவர் பெயர். என் பெயரை எழுத மட்டும் இதுவரை ஒரு பொருளும் வாய்க்கவில்லை. அதற்கு நான் ஏதாவது கொடுக்க வேண்டுமாம்.

முன்பெல்லாம் மலிவான கவசங்களைத்தான் வாங்குவோம். பிள்ளைகள் உதைக்கிற உதையில் வருடம் திரும்புவதற்குள் பஞ்சு வெளியே எட்டிப் பார்க்கும். செயற்குழு அவசரமாகக் கூடியது.

"அது ஒத வாங்கறதுக்குன்னே செய்யற சாமானுங்க. கிழியக் கிழிய மாத்திக்கினுதான் இருக்கணும்," என்றார் பயிற்சியாளர் எட்வின்.

"வெல ஜாஸ்தியா ஒன்னு வாங்கினா?" என்று கேட்டேன்.

"கொஞ்ச நாளு கூட வரும். அப்பறம் அதுவும் கிழியும்."

பொருளைப் பேணும் பண்பாடே இல்லாத பேச்சு. கூட்டம் அதைக் கண்டித்துவிட்டு டீ குடித்தது.

அந்த நேரம் பார்த்து அரிசி ஆலை அதிபர் ராஜாங்கம் ஐயா வெளிநாட்டுக் கவசம் ஒன்றை உபயமாகக் கொடுத்தார். அந்த விலைக்குப் பழைய மாதிரியில் ஒரு மூட்டையே வாங்கலாம். அவ்வளவு பெரிய மனதுக்கு வெறும் பெயர் போதுமா? கவசத்தின் நெஞ்சுப் பகுதியில் அவருடைய வண்ணப் படத்தையே அச்சடித்தோம். கும்பிட்டபடி சிரிக்கிறார்.

மறுநாள் பயிற்சியில்தான் ஒரு சிறு 'நடைமுறைச் சிக்கல்' தெரிந்தது. டேக்வாண்டோவில் பெரும்பாலும் எதிராளியின் மார்புக் கவசத்தில் காலால் உதைத்தால்தான் புள்ளி.

"ஐயா மூஞ்சியில எப்பிடிங்க கால வெக்கறது?" என்று பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். நல்ல வளர்ப்பு.

கவசம் கண்ணாடி பீரோவுக்குள் போனது. ஆயுத பூஜைக்கு மட்டும் வெளியே வந்து, சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டு திரும்பிவிடும். பிள்ளைகள் பழைய கவசங்களுக்குக் கோணியில் ஒட்டுப்போட்டு ஆடினார்கள். விலையை, பொருள் உழைத்த வருடங்களால் வகுத்துப் பாருங்கள். வருடம் ஏற ஏறச் செலவு கம்மி. தொடாமலே வைத்திருந்தால் ஒரு கட்டத்தில் அது இலவசமாகவே ஆகிவிடும். இந்தக் கண்டுபிடிப்பு என்னுடையது.

இப்படியிருக்கையில் கள்ளக்குறிச்சியில் மாவட்டப் போட்டி வந்தது. எங்கள் ஜெஸி இறுதிச் சுற்றுக்கு வந்துவிட்டாள். இதில் ஜெயித்தால் சென்னையில் மாநிலப் போட்டி. கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டப் போகும் அவள் அம்மா லூசி, மகள் சென்னைக்குப் போக இப்போதே பக்கத்து வீட்டில் ஒரு பெட்டி இரவல் வாங்கி வைத்திருந்தாள்.

போட்டிக்குச் சிறப்பு விருந்தினர் ராஜாங்கம் ஐயா. பீரோவைத் திறந்துதான் ஆக வேண்டும். ஜெஸிக்குக் கவசத்தை நானே கட்டிவிட்டேன். கைகளில் பழைய கைக்கவசம்தான், நமுத்துப்போன அப்பளம் மாதிரி. கைக்கவசத்தை யாரும் உபயம் செய்வதில்லை. பெயர் எழுத அதில் இடம் போதாது.

"ஐயா முன்வரிசையில குந்திக்கினு இருக்காரு. அவரு படத்து மேல ஒரு ஒத வுழக் கூடாது," என்றேன்.

"அப்ப எங்கதாங்க வாங்கறது?"

"கையில வாங்கும்மா. கை நம்முளுதுதானே."

எதிரே நின்றவள் வெள்ளிமலையிலிருந்து பஸ் பிடித்து இறங்கி வந்த பெண். படத்தில் சிரிப்பவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. கூச்சமே இல்லாமல் உதைத்தாள். ஜெஸி ஒவ்வொரு உதையையும் கையைக் குறுக்கே கொடுத்து வாங்கினாள். ஐயாவின் சிரிப்பை ஓர் உதைகூட நெருங்கவில்லை. எதிராளிக்குப் புள்ளியே விழவில்லை. கிடைத்த ஒரு சந்தில் ஜெஸி திருப்பி உதைத்தாள். ஜெயித்துவிட்டாள்.

ராஜாங்கம் ஐயா மேடையேறி வந்து கவசத்தைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"ஒரு கீறல் இல்லியே. வெலைக்கேத்த மாலு," என்றார்.

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. கோப்பையை வாங்க ஜெஸி வலது கையைத் தூக்க முடியாமல் நின்றபோதுதான் மற்ற விவரம் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையின் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பாதுகாப்புக் கவசம் எதுவும் போடலியா?" என்று கேட்டார்.

"போட்டுக்கினுதான் இருந்திச்சிங்க. அத்தக் காப்பாத்தப் போயிதான் இது ஒடிஞ்சிச்சி," என்றாள் லூசி.

எலும்பு கூடும்வரை போட்டி என்ற பேச்சே கூடாது என்றுவிட்டார் டாக்டர். சென்னைக்கு வெள்ளிமலைப் பெண் போகிறாள். லூசி பெட்டியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாளாம்.

கழகத்தின் சார்பில் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு ஜெஸியைப் பார்க்கப் போனேன். லூசி நாற்காலியைப் போட்டாள். ஜெஸியின் கையில் வெள்ளை வெளேரென்று மாவுக்கட்டு. தொழில்முறை ஆர்வத்தில் கேட்டேன்:

"இது எத்தினி நாளு தாங்கும்?"

"கை சரியாவற வரிக்கும்தாங்க. அப்பறம் வெட்டித் தூக்கிப் போட்டுருவாங்களாம்."

"இவ்ளோ நல்ல சாமானையா?"

"கைக்காகத்தாங்க கட்டு. கட்டுக்காகக் கை இல்லியே."

சொல்லிவிட்டு, பேனாவை இன்னும் மூடாமல் வைத்திருந்த இடது கையால் மாவுக்கட்டை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். எழுத்துகள் கோணலாக இருந்தாலும் நன்றாகப் படிக்க முடிந்தது:

'உபயம்: செயலாளர் தங்கதுரை'.

எத்தனையோ பொருள்களில் பெயர் எழுதிய அனுபவம் எனக்கு உண்டு. அருகே குனிந்து நிதானமாகப் படித்துப் பார்த்தேன். ஓர் எழுத்தைக்கூட என்னால் திருத்த முடியவில்லை.